மதினி ஒத்துக்கொண்ட விலை

சிவகாசியில் எங்கள் அலுவலகம் ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் டீ கிளாஸ் மெல்ல நகரும். முதலீட்டாளர்களோடு வீடியோவில் பேசும் நாட்களில் மட்டும் நான் கீழே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பார்கள். அன்றும் நிறுத்தியிருந்தார்கள். அதனால் சென்னையிலிருந்து அந்த முதலீட்டாளர் சொன்னது அறையில் இருந்த எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டுவிட்டது. முந்தைய முறை எங்கள் கம்பெனிக்கு அவரே போட்ட மதிப்பில் பாதியை வைத்துத்தான் இப்போது பணம் போடுவாராம். மதினி முகம் மாறாமல், "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்று மடிக்கணினியை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "மிசினை ஓட்டச் சொல்லுங்க கொழுந்தனாரே. இதுக்கு மேல கேக்க ஒண்ணுமில்ல" என்றார்.

மதினி என் அண்ணனின் மனைவி. அவர் தொடங்கிய கம்பெனியில் நான் கணக்குப் பார்த்தேன். வீட்டில் சோப்பும் மிட்டாயும் செய்து விற்பவர்களுக்கு நூறு அட்டைப்பெட்டி போதும். எந்த அச்சகமும் அவ்வளவு சின்ன ஆர்டரை எடுக்காது. மதினி பல ஊர்களிலிருந்து வரும் ஆர்டர்களை இணையத்தில் வாங்கி, ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்க வைத்தார். காலண்டர் சீசன் முடிந்து அச்சகங்கள் சும்மா கிடக்கும் மாதங்களில் அவர்களுக்கும் அது பிழைப்பாயிற்று. முதல் முதலீடு வந்தபோது அண்ணன் விருதுநகர் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கம்பெனியின் மதிப்பைச் சொல்லி முடித்திருந்தான். அந்தப் பணம் மதினியின் பையில் இருப்பதாகவே பலரும் நம்பினார்கள். கல்யாண வீடுகளில் அவருக்கு முன்வரிசை நாற்காலி கிடைத்தது.

எங்கள் வியாபாரம் குறையவில்லை. எங்களைப் போன்ற கம்பெனிகளுக்குச் சந்தையில் பேசப்பட்ட விலைதான் விழுந்திருந்தது. கையிலிருந்த பணம் பொங்கல் வரை சம்பளம் கொடுக்க மட்டும் காணும். மதினிக்கு ரோஷம். பெங்களூர், கோயம்புத்தூர் என்று அலைந்தார். சிலர் பாராட்டி அனுப்பினார்கள், சிலர் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஒருவர் மட்டும் பழைய மதிப்புக்கே பணம் தர முன்வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை: கம்பெனி என்றைக்காவது விற்கப்பட்டால், போட்டதைப்போல் இரண்டு மடங்கை அவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சமிருந்தால்தான் மற்றவர்களுக்கு.

"பேசாம இதுக்கு ஒத்துக்கோ. விலை குறைஞ்சுச்சுன்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்" என்றான் அண்ணன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மதினி எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வேலை செய்பவர்களுக்கும் கம்பெனியில் சிறு பங்கு கொடுத்திருந்தார். இரண்டு வழிகளையும் ஒளிக்காமல் சொன்னார். தாயில்பட்டி ஊரிலிருந்து வந்து பேக்கிங் பார்க்கும் அக்கா டிபன் பாக்ஸை மூடி வைத்தார். பட்டாசு ஆலை வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர் அவர்.

"அப்ப எம் பங்கும் பாதியாப் போயிருமா?"

"ஆமாக்கா. குறைஞ்ச விலைக்குப் பணம் வாங்குனா பாதி. இன்னொரு வழில போனா பேப்பர்ல அப்படியே இருக்கும். ஆனா கைக்கு வருமான்னு சொல்ல முடியாது."

"அன்னைக்கு மட்டும் எதுக்கு அம்புட்டுப் பெருசாச் சொன்னீக? மக படிப்புக்கு ஆகும்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

மதினி அக்காவின் பங்குக் கணக்கை என்னிடம் கேட்டு வாங்கி, தாளில் எழுதிப் பார்த்தார்.

சாயங்காலம் அவரே சென்னைக்குப் போன் போட்டார். பாதி விலைக்குச் சம்மதம் என்றும், ஆனால் ஊழியர்களின் பங்கு இரட்டிப்பாக வேண்டும், அதைத் தன் பங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முதலீட்டாளர் திகைத்துப்போய், "உங்களுக்கு ரொம்பக் குறைஞ்சிடுமே மேடம்" என்றார். "குறையட்டும் சார். பெட்டியை நான் தனியா ஒட்டலையே" என்று சிரித்தார் மதினி. செய்தியைக் கேட்ட தாயில்பட்டி அக்கா அடுத்த நாள் வேலைக்கு வரும் வேனை விட்டு இறங்கும்போது மதினிக்கென்று ஒரு தூக்குச்சட்டி நிறைய கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார்.

அண்ணனுக்கு மட்டும் சில வாரம் வருத்தம் இருந்தது. உண்மையில் சொந்தக்காரர்கள் யாரும் எதையும் கவனிக்கவில்லை. நாற்காலி முன்வரிசையிலேயே கிடந்தது. சென்னைக்காரர் போட்ட பணத்தில் தாள் வாங்கினோம். தீபாவளி ஆர்டர்களைச் சொன்ன நேரத்தில் அனுப்பினோம். கம்பெனி இப்போது சாத்தூர் ரோட்டில் சொந்தக் கட்டடத்தில் நடக்கிறது. அதன் இன்றைய மதிப்பைக் கேட்டால் மதினி பேச்சை மாற்றிவிடுவார்.

போன மாதம் நானும் தனியாக ஒரு கம்பெனி தொடங்கினேன். முதல் பணம் போட வந்தவர் மதினிதான். நான் எழுதி வைத்திருந்த மதிப்பைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன விலை கொழுந்தனாரே?"

"மதினி, சொந்தத்துக்குள்ள பேரம் பேசுவீகளா?"

"சொந்தம்கிறதாலதான் பேசுறேன்" என்றவர், நான் சொன்னதில் பாதிக்கு என்னை இறக்கிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.