முகக்கவசம் கழற்றாத புவனா

மருந்துச் சீட்டை வலது கை வாங்கும்போதே புவனாவின் இடது கை முகக்கவசத்துக்குள் புகுந்துவிடும். தாடையில் புதிதாய் முளைத்த பருவைத் தடவி, நகத்தால் கீறி, திருப்தியோடு வெளியே வரும். கொரோனா போய் வருஷக்கணக்காகிறது; திருத்தணி பேருந்து நிலையத்தருகே உள்ள அவளுடைய மருந்துக்கடையை விட்டு மட்டும் முகக்கவசம் போகவில்லை. கேட்டால், "கும்பல்ல எவன் எதத் தூக்கினு வரானோ, யாருக்குத் தெரியும்?" என்பாள்.

வயது முப்பத்து நான்கு. இருபதோடு பரு போய்விடும் என்று சொன்னவர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். நல்ல கறுப்பு நிறம். பரு ஒரு வாரத்தில் போனாலும், அது விட்டுப்போகும் கருந்திட்டு மாதக்கணக்கில் குடியிருக்கும். "கிள்ளாதம்மா" என்று வந்தவர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே தன்னுடையதைக் கிள்ளுவாள்.

டாக்டர் பட்டத்தை அவளே எடுத்துக்கொண்டாள். பரு என்று யார் வந்தாலும் சீட்டு கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்து வைப்பாள். "மூணே நாளு. மூஞ்சி பளபளன்னு ஆயிடும். ஆங், எழுதி வெச்சிக்கோ." பொய்யில்லை. நான்காம் நாளைப் பற்றித்தான் பேசமாட்டாள்.

அதே ட்யூபை ஆறு வருஷமாக அவளும் பூசினாள், மலைக்கோயில் பிரசாதச் சந்தனத்தில் குழைத்து. பரு அடங்கினால் முருகன் புண்ணியம். திரும்பினால் சாயங்காலம் தின்ற பஜ்ஜியின் குற்றம். போன மாதம் அரக்கோணத்தில் தோல் மருத்துவர் போட்டு உடைத்தார்: "இது ஸ்டீராய்டும்மா. தோலே மெலிஞ்சிபோச்சு. நிறுத்துங்க. மொதல்ல இன்னும் அதிகமாகும், அப்புறம்தான் அடங்கும்."

நிறுத்தினாள். முகமெங்கும் பொங்கிவிட்டது. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ் வரை ஏற்றிக்கொண்டாள். "இந்த மூஞ்சியப் பாத்தா எவ எங்கிட்ட மருந்து வாங்குவா?" விற்பதை மட்டும் நிறுத்தவில்லை. "என் தோலு வேற, வியாபாரம் வேற" என்று தனக்கே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள்.

நேற்று பள்ளிப்பட்டிலிருந்து அனுசுயா என்றொரு பெண் வந்தாள். இருபத்தெட்டு இருக்கும். கன்னம் முழுக்கப் பருவும் கருந்திட்டும். புவனாவின் கை பழக்கதோஷத்தில் ட்யூபை எடுத்து வைத்தது.

"மூணே நாளு..."

"நீங்களும் இதத்தான் போட்டுக்கிறீங்களாக்கா?"

கேலியில்லை, அந்தப் பெண் நம்பித்தான் கேட்டாள். புவனாவுக்குச் சுருக்கென்றது. முருகனோ பஜ்ஜியோ உதவிக்கு வரவில்லை. ட்யூபைக் கையால் மூடிக்கொண்டாள். மறு கையால் முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டாள்.