படை தருவதாகச் சொன்ன கல்லூரிக் கட்டணம்

எழுபதுகளின் நடுவில் நானும் கணவரும் இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து, ரெக்ஸ்டேல் என்ற இடத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தில் அவர் நில அளவையாளர். இங்கே அந்தத் தகுதி எடுபடவில்லை. பகலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றார். மாலையில் கல்லூரிக்குப் போய் அதே நில அளவையை மறுபடி படித்தார். இரண்டாம் பருவத்துக்குக் கட்டணம் கட்ட வழியில்லாதபோதுதான், கூட வேலை செய்த ஒருவன் பகுதிநேர இராணுவம் பற்றிச் சொன்னான். வாரத்தில் ஒரு மாலையும் இடைக்கிடை சனி ஞாயிறும் பயிற்சிக்குப் போனால் படிப்புச் செலவு கிடைக்குமாம்.

"சண்டைக்கு அனுப்புவாங்களோ?" என்று கேட்டேன்.

"சீ, உது சும்மா இடம் வலம் நடக்கிறது. நீர் பயப்பிடாதையும்."

சேர்ந்த பிறகுதான் மிச்சம் தெரிந்தது. கட்டணத்தை முதலில் நாங்கள் கட்ட வேண்டும். அவர் பரீட்சையில் தேறி, பயிற்சி ஒன்றையும் தவறவிடாதிருந்தால் திருப்பித் தருவார்கள். எனக்கு அப்போது மூன்று மாதம். பெரிய வீடு எடுக்கச் சேர்த்த காசைக் கொண்டுபோய்க் கட்டினோம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சப்பாத்தைக் கழற்றாமலே புத்தகத்தின் மேல் கவிழ்ந்து தூங்கினார். பயிற்சியில் இளவட்டங்கள் அவரை 'தாத்தா' என்று கூப்பிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இறுதிப் பரீட்சை வைத்த சனிக்கிழமையே வடக்கே காட்டில் பயிற்சியும் வந்தது. சார்ஜன்டிடம் விடுமுறை கேட்டார். வராவிட்டால் உதவி இல்லை என்றார் சார்ஜன்ட். கல்லூரிக்கு நானும் கூடப் போனேன். ஆசிரியர் என் வயிற்றைப் பார்த்துக் கதிரை இழுத்துப் போட்டார். பரீட்சை நாளை மாற்ற மட்டும் தன்னால் முடியாது என்றார்.

"பரீட்சைக்குப் போங்கோ. காசு போனாப் போகட்டும்" என்றேன்.

"பிள்ளை வரப்போகுது. காசில்லாம என்ன செய்யிறது? திரும்பி வந்து கேட்டா, அந்த வாத்தியார் இன்னொரு நாளைக்கு எழுத விடுவார்."

பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்து கேட்டார், கல்லூரி விடவில்லை. எழுதாத பரீட்சை தேறாத பரீட்சைதான் என்று படையும் கையை விரித்தது.

அந்தக் கோடையில் மகள் பிறந்தாள். அதே ஒற்றை அறையில், சமையல் மேசைக்கும் சுவருக்கும் நடுவே அவளுடைய தொட்டிலை வைத்தோம். படையை விட்டு விலகினார். வீட்டிலிருந்தபடியே ஒரு கடைக்குத் துணி தைத்து நானும் சம்பளம் எடுக்கத் தொடங்கினேன். இலையுதிர் காலத்தில் வகுப்புகள் தொடங்கியபோது, "இந்த முறை என்ர சம்பளத்திலை கட்டுவமே?" என்று கேட்டேன்.

"வேண்டாம். விடும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார். தொழிற்சாலையில் இரவு வேலை காலியாக இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார். வாளித் தொழிற்சாலையை மூடும் வரைக்கும் அங்கேதான் நின்றார். நில அளவை பற்றி வீட்டில் பிறகு நாங்கள் கதைக்கவில்லை.