நாலு மணிக்கு வார்டுக்குப் போனவள்

இதை நம்பச் சொல்லி யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. எங்கள் வம்சத்துக்கே முதல் டிகிரி. தாராவியில் யாருக்காவது பேய் பிடித்திருக்கிறது என்றால் முகத்துக்கு நேரே சிரித்தவள். எனக்குத்தான் இது நடந்தது. 1986, ஜூலை பதினாறு, புதன்கிழமை. பட்டப்பகல்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. அதற்கு மேலே தகரக் கூரை போட்ட மாளா, அதாவது மாடி அறை. ஏறி இறங்க, சாத்திவைத்த இரும்பு ஏணி. ஏழு படி. திங்கட்கிழமை மாலை 6.20க்கு அண்ணன் நெல்லையப்பன் அதில் ஏறி வந்தான். தோல் பட்டறையில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்தவன்.

“ஏட்டி அகிலாண்டம், கலெக்டரம்மா கீழ வந்து ஒரு டீ போடுவீயளா? இல்ல, அதுக்கும் தனியா ஒரு டிகிரி வாங்கணுமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயமுறுத்தத்தான் ஏணியை உதைத்தேன். ஏணி சரிந்தது. அவன் கால் படிகளுக்கு நடுவே மாட்டி முறுக்கிக்கொண்டது. தொடை எலும்பு முறிந்த சத்தம் என் காதில் விழுந்தது. தலை தரையில் படவே இல்லை. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

ஓடி வந்தவர்களிடம், “நான் பாக்கல, படிச்சிட்டிருந்தேன்” என்றேன். அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்தான். “வழுக்கிட்டு” என்றான். அவ்வளவுதான்.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் காலில் கயிறு கட்டி எடை தொங்கவிட்டார்கள். செவ்வாய் முழுக்க நன்றாகப் பேசினானாம். புதன் விடியும்போது பிதற்ற ஆரம்பித்துவிட்டான். மூச்சு இரைத்தது. அம்மாவையே தெரியவில்லை.

மதியம் அம்மா வேப்பிலையோடு வீட்டுக்கு ஓடி வந்தாள். பேசிக்கொண்டே மஞ்சளோடு சேர்த்து அரைத்தாள்.

“தலைல ரத்தம் கட்டியிருக்கும்ங்கான் டாக்டரு. அஞ்சு மணிக்கு மண்டையத் தொறக்கப் போறானாம். விழும்போது தல அடிபட்டுச்சான்னு நூறு தடவ கேக்கான். நீ பாத்தியாட்டி?”

“பாக்கல.”

அம்மா குரலைத் தாழ்த்தினாள். “நெஞ்சு, அக்குளெல்லாம் செவப்பா புள்ளி புள்ளியா இருக்கு. அம்ம போட்டிருக்கு. டாக்டருக்குத் தெரிஞ்சா ஊசியக் குத்தி அம்மன் கோவத்தச் சம்பாதிப்பான். இல்ல, வேற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருவான். இதப் பூசி, சட்டைய மாட்டி விட்டுருதேன். நீ வாயத் தொறக்காத.”

அம்மையாவது, மண்ணாவது! எலும்பு முறிந்த ஆளுக்கு மூன்றாம் நாள் புள்ளி வந்தால் டாக்டரிடம் காட்டவேண்டும். அந்த அறிவு எனக்கு இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவளும் நான்தான். ஆனால் போனால் தலை படவில்லை என்று சொல்லவேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

“வாறியாட்டி?”

“வீட்டுக்கு ஆள் வேண்டாமா?”

2.30க்கு அம்மா போனாள். மழை கொட்டியது. 3.15க்குப் புடவை மாற்றினேன். செருப்பு வரைக்கும் போனேன். கதவை உள்பக்கம் தாழிட்டுவிட்டு மாளாவுக்கே திரும்பி ஏறிவிட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

3.35.

ஏணியில் சத்தம். கிறீச்...

யாரோ இறங்கினார்கள். ஏறவில்லை. இறங்கினார்கள். மேலே என்னைத் தவிர யாரும் இல்லை.

கிறீச்... கிறீச்... எண்ணினேன். ஏழு.

எட்டிப் பார்த்தேன். கீழே யாரும் இல்லை. தாழ் போட்டபடி இருந்தது.

என் செருப்பைக் காணோம்.

4.05. பினாயில் வாடை. தகரத்தில் விழும் மழைக்கு நடுவே இன்னொரு சத்தம். ஆக்சிஜன் குப்பியில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி. குப்... குப்... குப்...

கை சில்லிட்டது. இரும்புக் கட்டிலைப் பிடித்திருக்கிற மாதிரி.

என் உதடு அசைந்தது.

நான் அசைக்கவில்லை.

பேசுகிறேன்... சத்தம் வரவில்லை... நிறுத்த முடியவில்லை...

4.40. மறுபடியும் ஏணி.

ஒன்று. இரண்டு.

ஏறி வருகிறது.

ஆறு.

ஏழு.

கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது யாரும் இல்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். செருப்பு பழைய இடத்தில் கிடந்தது. சொட்டச் சொட்ட நனைந்து. கதவு உள்பக்கம் தாழிட்டபடியே.

இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பார்வதியம்மாள் சேதி கொண்டுவந்தாள். மண்டையைத் திறக்கவில்லையாம். டாக்டர் கடைசி நேரத்தில் மனசு மாறிவிட்டாராம்.

அதற்குப் பிறகும் பத்து நாள் நான் போகவில்லை. கஞ்சி காய்ச்சிப் பார்வதியம்மாளிடம் கொடுத்தனுப்பினேன். அம்மா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள்.

பதினொன்றாம் நாள் போனேன். முதல் தடவையாக. அண்ணன் என்னை, “டீச்சர்” என்று கூப்பிட்டான். கரண்டியைக் காட்டினால் சீப்பு என்றான். ஆனால் சிரித்தான். வார்டு சிஸ்டர் விஜயலக்ஷ்மி, மாட்டுங்காக்காரி, ரொம்ப நாள் பழகியவள் மாதிரி என் தோளைத் தட்டினாள்.

“கவலைப்படாதே, பேச்செல்லாம் கொஞ்சங்கொஞ்சமாத் திரும்பிடும். எலும்பு ஒடஞ்சா உள்ளே இருக்கற கொழுப்பு ரத்தத்துல கலந்துடும். மூளைல போய் அடைச்சிண்டா இப்படித்தான் பிதற்றுவா. ஆக்சிஜன் குடுத்து, காலை அசைக்காம வெச்சிண்டா போறும். அன்னிக்கு நாலு மணிக்கு நீ ஓடி வந்து, ‘தலை படலை, நான் பாத்தேன், சட்டையக் கழட்டிப் பாருங்கோ’ன்னு சொல்லலைன்னா மண்டையத் திறந்திருப்பா. அந்த மூச்சுத் திணறல்ல தாங்கியிருப்பானோ என்னமோ.”

கேஸ் பேப்பரைத் திருப்பிக் காட்டினாள். இங்கிலீஷில் எழுதியிருந்தது. ‘தங்கை சொன்னது. நேரம் 4.05. ஏணியை உதைத்தது தானே என்கிறாள்.’

நான் உதைத்தது அண்ணனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

வராந்தாவில் அம்மாவின் காலில் விழுந்தேன். “நாந்தாம்மா ஏணிய உதைச்சேன்.”

அம்மா அலுத்துக்கொண்டாள்.

“எத்தன தடவட்டி சொல்லுவ? அன்னைக்கே வார்டு வாசல்ல வச்சு சொல்லி அழுதேல்லா? நானும் கோவத்துல ஓங்கி அறைஞ்சேன். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. பொறவு மனசு கேக்காம நாந்தான தொடச்சு விட்டேன். இந்தா பாரு, கற இன்னும் போகல.”

முந்தானையை விரித்துக் காட்டினாள். பழுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு.

என் உதட்டில் அன்றைக்குக் காயம் இல்லை.

இன்றைக்கும் தழும்பு இல்லை.