கரிச்சட்டியும் கிருத்திகை விளக்கும்

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று என் நண்பன் சண்முகத்தைச் சாகடிக்கப் பார்த்தேன். தெரியாமல்தான். ஆனாலும் செய்தது நான்தான். மாதாமாதம் கிருத்திகைக்கு என்னோடு உட்கார்ந்து பாடுகிற உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன் என்று முருகனிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். கொடுத்து ஒரு வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மலைமேல் ஜெகதளாவில் குடியிருக்கிறேன். இருபத்தாறு வருஷம் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டுதான் எங்களை உள்ளே விடுவார்கள். நெருப்பைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று ஒரு மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு.

சண்முகம் கல்லூரியில் என் அறைத்தோழன். கோயம்புத்தூரில் ஸ்பாஞ்ச், கதவிடுக்கை அடைக்கிற ரப்பர் பீடிங் விற்கிற கடை வைத்திருக்கிறான். ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றினான். சுவர் முழுக்க இரண்டு அங்குல ஸ்பாஞ்ச், கதவிலும் ஜன்னலிலும் சுற்றிச் சுற்றி ரப்பர். எல்லாம் அவன் கையாலேயே செய்தது. "ஒரு பொட்டுக் காத்து உள்ள வராதுடா" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்வான். மலையைச் சுற்ற நாலு நாள் கிளம்பினோம். முதலில் எமரால்டு, அப்புறம் கூடலூர் இறங்கித் தேவர்சோலை. அதுதான் திட்டம். தேவர்சோலைக்குப் போய்ச் சேரவே இல்லை.

எமரால்டுக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவருடைய கேரட் தோட்டத்தில் நிறுத்தினோம். ரோட்டுக்குக் கீழே, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் வேன் நின்றது. ரோட்டில் போகிறவர்களுக்கு வேன் தெரியாது. போனில் டவர் இல்லை. ஆடி மாத மழையும் மஞ்சு மூட்டமும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சண்முகம் இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கினான்.

நான் என்ன செய்தேன்? நம் வீடுகளில் செய்வதைத்தான் செய்தேன். ஊரிலிருந்து கொண்டுபோன இரும்புச் சட்டியில் கரியைப் போட்டு, வெளியே வைத்து விசிறி, புகை அடங்கிக் கனிந்ததும் உள்ளே கொண்டுவந்து வைத்தேன். சின்ன வயதிலிருந்து குளிர் காலத்தில் அந்தச் சட்டியைச் சுற்றித்தான் தூங்கியிருக்கிறேன். எங்கள் வீட்டில் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும். அந்தச் சந்துதான் இத்தனை வருஷம் எங்களைக் காப்பாற்றியது என்பது அன்று எனக்குத் தெரியாது. சண்முகத்தின் வேனில் சந்து கிடையாது. கரி கனிந்தால் புகை தெரியாது, வாடையும் வராது. கதவை இழுத்துச் சாத்தினேன். "இப்பத்தான்டா உசுரு வந்துச்சு" என்றான் அவன்.

அன்று எனக்கு விரதம். அவன் மட்டும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பட்டினி என்று நினைத்தேன். அவனும் தலை கனக்கிறது என்றான். உண்ட மயக்கம் என்று கேலி செய்தேன். இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு விளக்கேற்ற அகலை எடுத்தேன். சண்முகத்துக்குத் தூக்கத்திலும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டது.

"என்றா பண்றே? உள்ள வெக்காதே. ஸ்பாஞ்ச் பத்திக்கும். வெளிய கொண்டுபோயி வெய்யி."

நெருப்புச் சட்டி உள்ளே இருக்கலாம், ஒற்றைத் திரி விளக்கு இருக்கக்கூடாதா என்று எனக்குச் சுருக்கென்றது. முருகனை வெளியே போ என்கிறானே என்று வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் குடையை எடுத்தேன். வேன் பக்கம் வைக்க மனசில்லை. மேலே ஏறி, பாறையில் ரோட்டைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு பொந்தில், காற்றுப் படாமல் அகலை வைத்து ஏற்றினேன். பூ வைத்துக் கும்பிட்டேன். ஏறும்போது கால் தள்ளாடியது. கொஞ்ச நேரம் நின்றதும் தலைவலி குறைந்த மாதிரி இருந்தது. விளக்கேற்றிய பலன் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அப்போதுகூட எனக்குப் புரியவில்லை.

கீழே வந்து காபி போடட்டுமா என்று கேட்டேன். பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். கை தொப்பென்று விழுந்தது. கன்னத்தில் அறைந்தேன். மூச்சு இருந்தது, ஆனால் விட்டு விட்டு வந்தது. அந்தச் சட்டி கண்ணில் பட்டது. கரியின் நச்சுக் காற்று உள்ளேயே அடைபட்டு எங்களைத் தாக்கியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது.

சட்டியை எட்டி உதைத்து வெளியே தள்ளினேன். கதவைத் திறந்துபோட்டு அவனை இழுத்தேன். தொண்ணூறு கிலோ ஆள். வாசற்படி வரைக்கும்தான் முடிந்தது. என் முழங்கால் மடங்கிவிட்டது, வாந்தி வந்தது. எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும், வேன் ஓட்டத் தெரியாது. ரோட்டுக்கு ஏற உடம்பில் தெம்பில்லை. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தேன். கலாமணியிடம், அதாவது அவன் மனைவியிடம், என்ன சொல்வேன் என்று பயந்தேன். அவ்வளவு பயம் என் ஆயுசில் பட்டதில்லை.

வாய்விட்டுத்தான் கேட்டேன். "முருகா, தப்பு பண்ணுனது நானு. அவன எடுத்துக்காதே. அவனக் குடுத்துரு. நாந்தான் பண்ணுனேன்னு அவன் பொண்டாட்டிகிட்டயும் நாலு பேரு முன்னாலயும் சொல்றேன்." காவடி, முடி என்று எதுவும் வாயில் வரவில்லை. இதுதான் வந்தது.

மேலே வண்டிச் சத்தம் கேட்டது. அது ஒன்றும் அதிசயமில்லை. கேரட் வண்டிகள் ஓடுகிற ரோடு அது. அன்று மத்தியானத்திலிருந்தே எத்தனையோ வண்டிகள் போயின. இந்த வண்டி நின்றது. கத்தினேன். குரல் எழும்பவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், மஞ்சுக்குள் ஒரு ஆள் பாறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் போஜன். மேட்டுப்பாளையத்தில் கேரட் இறக்கிவிட்டு எமரால்டுக்குக் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்த படகர் இனத்துக்காரர். என்னைப் பார்த்ததும் வெறுங்காலோடு இறங்கி ஓடிவந்தார். வேனையும் கவிழ்ந்த சட்டியையும் பார்த்தார். சண்முகத்தின் அக்குளில் கை கொடுத்து, பாதி தூக்கி, பாதி இழுத்து மேலே கொண்டுபோய் வண்டியில் காலிச் சாக்குகளின் மேல் படுக்கவைத்தார். என்னையும் ஏற்றினார். செருப்பு பாறையடியிலேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். போஜன் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"வெளக்கு தெரிஞ்சுதுண்ணா. புதுசா கோயில் வந்திருக்கு போலன்னு நெனச்சேன். கும்பிட்டுட்டுப் போலாமுன்னு நிறுத்துனேன்."

நான் கேட்பதற்கு முன்பே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையும் நானாக வெளியே வைக்கவில்லை. வைக்கச் சொன்னவன் உள்ளே படுத்திருந்தான். இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை. தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

மறுநாள் காலையில் சண்முகம் கண் விழித்தான். முதலில் கேட்டது, "வேனுக்குள்ள வெளக்கு வெச்சயாடா?" இல்லை, வெளியேதான் வைத்தேன் என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அழாத ஆள்.

கலாமணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் இல்லாவிட்டால் இவர் இல்லை என்றார். அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சண்முகமும் தான்தான் குளிருக்குக் கரி கேட்டதாக அவரிடம் சொல்லிவைத்திருந்தான். அந்தப் பொய்யின் நிழலில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் வந்தது, பொங்கலுக்கு வேட்டி வந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். கிருத்திகை தோறும் உங்களோடு பாடினேன். விளக்கைப் பார்க்க மட்டும் கூச்சமாக இருந்தது.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினேன். சண்முகம் பக்கத்தில் இருக்கும்போதே கலாமணியிடம் சொன்னேன். கரி போட்டது நான், கதவைச் சாத்தியது நான், அவன் கேட்கவே இல்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். சண்முகம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். கலாமணி முழுதும் கேட்டார். எழுந்து உள்ளே போனார். செருப்பை மாட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். காபியோடு திரும்பி வந்தார்.

"ஏனுங்ணா, இத மனசுல வெச்சுக்கிட்டா ஒரு வருசம் என்ற ஊட்டுப் பலகாரத்தத் தின்னீங்க?" என்றார். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்தார். "அடுத்த தடவ ரெண்டு பேரும் போறப்ப நானும் வர்றனுங்க. ஜன்னலத் தொறந்து வெக்க ஒரு ஆளு வேணுமல்லங்."

வேனில் இப்போது கூரையில் இரண்டு, கதவில் இரண்டு என்று காற்றுப் போக ஓட்டை போட்டிருக்கிறான் சண்முகம், அவனே துளைத்தது. நான் குளிர் காலத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போய், கரிச்சட்டி வைக்கிறவர்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள்.

உங்களில் யாருக்காவது வழியே தெரியாத நேரம் வந்தால் முருகனிடம் கேளுங்கள். கூச்சப்படாமல், செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள். அவன் கொடுப்பான். கொடுத்த வாக்கை மட்டும் என்னைப் போல ஒரு வருஷம் இழுக்காதீர்கள்.