கல் இடுக்குக் கீரை

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்வாசல் மண்தரையாக இருந்தவரை, குழாயடிக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு கீரைப்பாத்தி இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் அப்பா வாசல் முழுவதும் பேவர் பிளாக் பதித்தார். பாத்தி கல்லுக்கு அடியில் போயிற்று. "கீரை கடையில கிடைக்கும். சேறில்லாத வாசல் கடையில கிடைக்குமா?" என்று அப்பா யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு மில்லில் மெயின்டனன்ஸ் வேலை. சுத்தமாக வைத்திருக்கும் எதுவும் கெட்டுப்போகாது என்பது அவர் கட்சி. வாசலையும் ஓர் இயந்திரமாகவே பார்த்தார். சனிக்கிழமை காலையில் அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஈரமில்லாத கல்லை ஈர்க்குவிளக்குமாற்றால் பெருக்க வேண்டும். அடுத்து, முனை வளைந்த பழைய ஸ்க்ரூ டிரைவரால் இடுக்கில் உள்ள புல்லை வேரோடு நெம்ப வேண்டும். கடைசியில்தான் தண்ணீர் விட்டுப் பாசியைத் தேய்க்கலாம். பெருக்குவதற்கு முன் தண்ணீர் விட்டால் தூசி சேறாகி இடுக்கில் இறங்கிவிடும், அடுத்த வாரம் அங்கேயே புல் நிற்கும். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. வேர் அறுபடாமல் முழுசாக வரும்போது விரலில் தெரியும் அந்த மெல்லிய விடுதலை இன்றும் நினைவிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை குழாயடியில் நெம்பிக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, அதை விடு. அது களை இல்ல. கீரை."

"கீரைன்னா பாத்தியில இருக்கணும்லா?"

"பாத்தி எங்கயும் போகல. கல்லுதான் மேல வந்து உக்காந்திருக்கு."

அன்று முதல் குழாயடியை நான் பார்வையால் மட்டும் பராமரித்தேன். அது அப்பாவின் கண்ணில் படாமல் இருக்குமா? ஆயுத பூஜைக்கு மில் இயந்திரங்களைக் கழுவிய பிரஷர் வாஷரைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். தண்ணீர் கத்தி மாதிரி பாய்ந்தது. புல் பறந்தது, பாசி பறந்தது, அம்மாவின் கீரையும் பறந்தது. அப்பா சிரித்துக்கொண்டே கல் கல்லாக முன்னேறினார். இடுக்கில் இருந்த மணலும் கூடவே பறப்பதை எங்களுக்கு முன் கவனித்தவர் பக்கத்து வீட்டு அத்தை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களைக் கண்டிப்பதற்கென்று தமிழுக்கு வருவார்.

"அண்ணே, வேட்டிக்குக் கஞ்சி போட்டுத்தான் காயப் போட்டிருக்கேன். சேறு போடச் சொல்லலையே," என்றார் சுவருக்கு மேலிருந்து.

வாசல் பளபளத்தது. ஆனால் மணல் போனதால் கற்கள் பல் ஆடுவது போல ஆடின. நடந்தால் கடகடவென்று சத்தம். அப்பாவின் முகம் சுருங்கியது. "மண்ணை அடைச்சு ஒரு தடவை பாப்போம். பொறவு ஒரு புல்லு முளைச்சாலும் சரி, சிமெண்டைக் கலக்கி எல்லா இடுக்கையும் பூசிருவேன்," என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். சிமெண்ட் வந்தால் அந்த வாசலில் அவளுக்கென்று இருந்த விரலகல மண்ணும் போய்விடும் என்பது எனக்கே புரிந்தது.

மண் கொண்டுவந்தவர் வத்திராயிருப்பிலிருந்து மாமா, அம்மாவின் அண்ணன். கண்மாயில் எடுத்த வண்டல், நான்கைந்து சாக்கு. வயலுக்கு உரமாக அடிக்கிற மண்.

"மாவு மாதிரி இருக்கு பாருங்க மாப்பிள்ளை. எம்புட்டுச் சின்ன இடுக்குன்னாலும் இறங்கிரும்," என்றார் மாமா. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மண்ணைச் சலித்துக் கொடுக்கும் வேலையை அம்மா தானே எடுத்துக்கொண்டாள். சலித்த மண்ணில், மாமா காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்த பொடிக் கறுப்பு விதைகளைத் தூவிக் கலந்தாள். நான் பார்த்துவிட்டேன். "அப்பாட்ட மூச்சு விடாத," என்றாள். அப்பா அந்த மண்ணை விளக்குமாற்றால் ஒவ்வொரு இடுக்கிலும் தள்ளி, தண்ணீர் தெளித்து, மிச்சத்தையும் வீணாக்காமல் நிரப்பினார். இவ்வளவு சிரத்தையாக யாரும் கீரை விதைத்திருக்க மாட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில் கதவைத் திறந்தால், வாசல் முழுவதும் கல்லின் வளைவு நெளிவுகளைத் தொட்டுக்கொண்டு பச்சைக் கோடுகள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஓடினேன். எதைப் பிடுங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் நிற்கும்போதே ஷிப்ட் முடிந்து அப்பா வந்துவிட்டார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அம்மா வாசற்படியில் நின்றாள்.

"இது என்ன?" என்று ஒன்றைத் தொட்டார்.

"தண்டங்கீரை."

"இது?"

"மணத்தக்காளி."

மூன்றாவதாக அவர் தொட்டது குப்பைமேனி. பள்ளிக்கூடச் சுவரோரம் நிறையக் கிடப்பதால் அது களை என்று எனக்கே தெரியும். அம்மா கொஞ்சம் தயங்கினாள்.

"அதுவும் கீரைதான்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப களை எது?"

அம்மா கால் பெருவிரலால் ஒரு கோரைப்புல்லைக் காட்டினாள். அப்பா என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, அந்த ஒன்றை மட்டும் கிழங்கோடு நெம்பி எடுத்து, தெருவில் வீசிவிட்டுக் கைகழுவப் போனார். சிமெண்ட் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவே இல்லை.

அப்பா பிறந்து வளர்ந்தது பிளவக்கல் அணைக்குக் கீழே, வயல்காட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் களை எடுத்துவிட்டுத்தான் சாப்பாடு என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் குப்பைமேனியைக் கீரை என்று நம்பிவிட்டாரே என்று அன்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அம்மாவும் நானும் சேர்ந்து அவரை ஏமாற்றிவிட்டதாகவே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.