முடிவை மாற்றச் சொன்ன வாரம்

போன்

கேபிள் ஆபீஸில் போன் நிற்காமல் அடிக்கிறதென்றால் மெயின் லைன் எங்கேயோ அறுந்திருக்கும், அல்லது மழையில் ஆம்ப்ளிஃபயர் போயிருக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது, சிக்னல் சுத்தமாக இருந்தது. ஆனாலும் எட்டரை மணிக்கு போன் அடித்தது. எடுத்தால் தெற்குத் தெரு அக்கா ஒருவர். மாதாமாதம் சந்தா வாங்கப் போய்ப் பழகியவர்.

“ஏப்பா முருகேசா, அவன எதுக்குக் கொன்னீங்க?”

எனக்குக் கை கால் ஓடவில்லை. எவனை என்று கேட்டேன். ஆதிரனை என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. எட்டு மணி நாடகத்தின் கடைசி எபிசோட் அன்றைக்குத்தான் முடிந்திருந்தது.

வடக்கேயிருந்து டப்பிங்காகி வந்த நாடகம் அது. பல வருடம் ஓடியது. சூனியக்காரி ஒருத்தி இளவரசன் ஆதிரனைக் கடலுக்கடியில் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். மேலே கரையில் எல்லோரும் அவன் செத்தான் என்று சொல்ல, அவன் பெண்டாட்டி ரத்னமாலா மட்டும் இல்லை என்று காத்திருப்பாள். கடலடி அரண்மனையில் தண்ணீருக்குள்ளேயே தீபம் எரியும். அந்தத் தீபத்தை நான் கேலி பண்ணாத நாளில்லை. நான் திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். வேலைக்காகத் தங்கச்சிமடம் வந்து, கேபிள் இழுக்க போஸ்ட் ஏறியவன். கடலோடு பிழைக்கிற சனம் இப்படி ஒரு கடலை எப்படி நம்புகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

கடைசி எபிசோடில் ஆதிரன் கரை வரைக்கும் வந்து, பெண்டாட்டி கை நீட்டும்போது நுரையாகக் கரைந்து போனான். அவ்வளவுதான், வணக்கம் போட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு எனக்கு விழுந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஊரைப் பொறுத்தவரை சேனல், கம்பெனி, டைரக்டர் எல்லாம் எங்கேயோ இருக்கிற சமாச்சாரம். திட்டுவதற்குக் கைக்கெட்டிய ஆள் கேபிள்காரன்தான். ஒருவர் செட்டாப் பாக்ஸைத் தெருவில் போட்டு உடைத்தார். மறுநாள் காலையில் புது பாக்ஸ் கேட்டு அவரே வந்து நின்றார். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் ஆதிரனுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று பிளெக்ஸ் கட்டினார்கள். மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தார்கள். நான் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போனேன்.

ஜெசிந்தா வைத்த கெடு

இந்த இடத்தில் ஜெசிந்தாவைச் சொல்ல வேண்டும். அவள் புருஷன் கில்பர்ட் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவன். காற்றில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் வேறு படகில் ஏறி உயிரோடு வந்து சேர்ந்தார்கள். கில்பர்ட் வரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. தேடிப் போன படகுகளெல்லாம் வெறுமனே திரும்பின. அதற்குள் யாரோ ஒருவர், அவனை மாதிரி ஒருத்தனை இலங்கை ஜெயிலில் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். பிறகு விசாரித்ததில் அது வேறு ஆள் என்று தெரிந்தது. ஆனால் ஜெசிந்தாவின் காதில் முதலில் சொன்னதுதான் நின்றது.

கில்பர்ட்டின் தகப்பனார் சூசை. மகனுக்கு ஒரு இரங்கல் பூசை வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. உயிரோடு இருக்கிறவருக்கு எதுக்குப் பூசை என்று ஜெசிந்தா ஒவ்வொரு தடவையும் மறித்துவிடுவாள். சர்ச் பங்குச்சாமியும் அவளைக் கட்டாயப்படுத்த முடியாமல் விட்டுவிட்டார். வருகிற ஒவ்வொரு படகையும் பார்க்க அவள் கரைக்குப் போவதும், அவனுக்கென்று சோற்றை எடுத்து வைப்பதும் நிற்கவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

ஒரு தடவை அவள் வீட்டு பாக்ஸ் கோளாறு என்று போயிருந்தேன். பாக்ஸை மாற்றிக்கொண்டிருக்கும்போது, எட்டு மணிக்கு மட்டும் லைன் போகாமப் பாத்துக்கங்கண்ணே என்று சொன்னாள். நான் வழக்கம்போல் அந்தத் தீபத்தைக் கிண்டல் பண்ணினேன். அவள் சிரிக்கவில்லை. மாமனாரிடம் தான் சொல்லி வைத்திருப்பதை என்னிடமும் சொன்னாள்.

“நாடகம் முடியட்டும்ணே. அவன் கரைக்கு வந்துட்டான்னா இவரும் வருவாரு. வரலைன்னா, மாமா சொல்றதக் கேட்டுக்கிருவேன்.”

பைத்தியக்காரத்தனம் என்று மனசுக்குள் நினைத்தேன். நாடகத்தை எழுதுகிறவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ, அவனுக்குத் தங்கச்சிமடம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. அவன் கையில் இவள் தன் புருஷனைக் கொடுத்து வைத்திருந்தாள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாக்ஸை மாற்றிவிட்டு வந்தேன்.

ஹிந்தியில் சாகவில்லையாம்

நாடகம் முடிந்த இரண்டொரு நாளில் ஒரு வதந்தி கிளம்பியது. ஹிந்தியில் ஆதிரன் சாகவில்லையாம், தமிழுக்கு மட்டும் வெட்டிவிட்டார்களாம். யார் கிளப்பியது என்று தெரியவில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார்கள். ஹிந்தி சேனலைத் திறந்துவிடு என்றார்கள். ஹிந்தியில் அது எப்போதோ முடிந்துவிட்டது என்று சொன்னால் நம்புவாரில்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் பையன் தன் போனிலிருந்து அதை எடுத்து ஆபீஸ் டிவியில் போட்டான்.

ஒருவருக்கும் பாஷை தெரியாது. ஆனாலும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். ஆதிரன் அலைக்குள்ளிருந்து எழுந்து வந்தான், ரத்னமாலா கை நீட்டினாள், அவன் அதே மாதிரி நுரையாகப் போனான். முதல் தடவை கத்தினவர்கள் இந்தத் தடவை கத்தவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். கூட்டத்தில் ஜெசிந்தா இருக்கிறாளா என்று தேடினேன். அவள் வரவில்லை.

அன்றைக்கே சூசை ஆபீஸ் பக்கம் வந்தார். அவரே சொன்னார். நாடகம் முடிந்த மறுநாள் காலையில் எழுந்து, பூசைக்குச் சொல்லிருங்க மாமா என்று அவள் சொல்லிவிட்டாளாம். சனிக்கிழமை பூசை என்று பங்குச்சாமியிடம் சொல்லியாயிற்று. பெரியவர் பஸ் ஸ்டாப் பக்கம் கை காட்டினார்.

“இல்லாத ஆளுக்கு ஊரே பிளெக்ஸ் கட்டி அழுகுது தம்பி. எம் மகனுக்கு இன்னும் ஒரு மெழுகுவத்தி ஏத்தல.”

அந்த பிளெக்ஸைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

பென் டிரைவ்

பிளெக்ஸ் கட்டிய பையன்கள் சும்மா இருப்பார்களா? சேனல்காரன் கொடுக்காத முடிவை நாமே செய்வோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பழைய எபிசோடுகளிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். கல்யாணத்துக்கு முந்திய எபிசோடில் ஆதிரன் கடலில் குளித்துவிட்டு வருகிற ஷாட்டும், வேறெதற்கோ ரத்னமாலா ஓடிவருகிற ஷாட்டும் இருந்தன. அதையெல்லாம் கோத்து, ஒரு பையன் ஆதிரன் குரலிலேயே பேசியும் விட்டான். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே செய்திருந்தார்கள். ஒட்டு தெரியவில்லை. அவன் கரையேறி வருகிறான், அவள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் அது தீயாகப் பரவியது.

அதை பென் டிரைவில் கொண்டுவந்து லோக்கல் சேனலில் போடச் சொன்னார்கள். காப்பிரைட் பிரச்சினை வரும் என்று நான் தட்டிக்கழித்தேன். அவர்கள் நேரே முதலாளியிடம் போய்விட்டார்கள். முதலாளிக்கு எங்கே கூட்டம் சேர்ந்தாலும் விளம்பரம் பிடிக்கத் தோன்றும்.

“ஏலே, நம்ம லோக்கல் சேனல எந்தக் கம்பெனிக்காரன்லே பாக்கப் போறான்? சனம் ஆசைப்படுது, போட்டு விடு. எட்டு மணிக்கு.”

எனக்கு உறுத்தல் இருந்தது. ஜெசிந்தாவிடம் பட்டன் போன்தான் உண்டு. வாட்ஸ்அப்பில் ஊரே பார்த்தாலும் அவள் கண்ணில் படாது. டிவியில் போட்டால் பட்டுவிடும். முதலாளியிடம் சொன்னேன். ஒரு பொம்பளைக்காக ஊர் பார்க்கக் கூடாதா என்றார். ஃபைலை கம்ப்யூட்டரில் ஏற்றி எட்டு மணிக்கு செட் பண்ணினேன். “இன்று இரவு 8 மணிக்கு ஆதிரன் திரும்பி வருகிறான்” என்று திரையின் அடியில் ஸ்க்ரோலும் ஓட்டினேன். மத்தியானத்திலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு மணி இருக்கும். கன்ட்ரோல் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெசிந்தா நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நடந்தே வந்திருப்பாள் போல, சேலை ஓரமெல்லாம் மணல். ஸ்க்ரோலைப் பார்த்தேன் என்றாள். பையன்கள் செய்தது அது, நிஜமான முடிவு இல்லை என்று அவசரமாகச் சொன்னேன்.

“தெரியும்ணே. பசங்க வெட்டி ஒட்டுனதுன்னு தெருவுல சொல்லிக்கிட்டாங்க.”

சரி, தெரிந்திருக்கிறது, பிழைத்தோம் என்று நினைத்தேன். அவள் மானிட்டரைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள்.

“போடாதீங்கண்ணே. அவன் கரையேறி வாறத ஒரு தடவ பாத்துட்டேன்னா நான் நம்பிருவேன். எனக்கு என்னயத் தெரியும். மறுபடி என்னால ஆகாது.”

அவள் எதிரிலேயே அந்த ஃபைலை நீக்கினேன், ஸ்க்ரோலை நிறுத்தினேன். பென் டிரைவைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டேன். எட்டு மணிக்குப் போன வருடத்துத் தேர்ப்பவனி வீடியோவைப் போட்டேன். எட்டு ஐந்துக்கு போன் அடிக்க ஆரம்பித்தது. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன்.

முதலாளி வாயில் வந்ததையெல்லாம் பேசினார். நாளையிலிருந்து வராதே என்றார். மறுநாள் நான் போனேன், அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள் என் வண்டி டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கடையிலிருந்து பம்ப் கொண்டு வருவது எனக்கு ஒரு வேலையாயிற்று.

ஸ்க்ரோல்

பூசைக்கு முந்தின நாள் சூசையும் ஜெசிந்தாவும் ஆபீஸுக்கு வந்தார்கள். பூசை அறிவிப்பை ஸ்க்ரோலில் போட வேண்டும். எங்கள் ஊரில் சாவு, பூசை, கல்யாணம் எல்லாம் லோக்கல் சேனலில் ஓடினால்தான் சொன்னதாகக் கணக்கு. இந்த வேலையில் நான் நூற்றுக்கணக்கான பேருக்கு “காலஞ்சென்ற” என்று டைப் அடித்திருக்கிறேன். கை தானாகப் போகும். அன்று போகவில்லை. “கடலில் காணாமல் போன கில்பர்ட் அவர்களுக்காக நாளை காலை திருப்பலி” என்று அடித்தேன். இப்படியென்றால் அவளுக்கு வலி கொஞ்சம் குறையும் என்று என் புத்தி.

ஜெசிந்தா மானிட்டர் அருகே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பெரியவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அப்படிப் போடாதீங்கண்ணே. காணாமப் போனவருன்னா தேடணும். செத்தவுகளுக்கு எப்படிப் போடுவீங்களோ, அப்படிப் போடுங்க.”

அழித்துவிட்டு, காலஞ்சென்ற என்று அடித்தேன். அது திரையின் அடியில் வலப்பக்கமிருந்து கிளம்பி இடப்பக்கம் போய் முடிகிற வரைக்கும் அவள் நின்று பார்த்தாள். பிறகு மாமனாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். கதவைச் சாத்திவிட்டு நான் அழுதேன். கில்பர்ட்டோடு எனக்குப் பெரிய பழக்கம்கூடக் கிடையாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு லைன் இழுக்கவும் பாக்ஸ் மாற்றவும் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் சொல்வது ஒன்றுதான். நாடகத்தில் யாரோ செத்துப்போனதற்காக கஸ்டமர் போனில் கத்தினால், போனை வைத்துவிட்டுச் சிரிக்காதீர்கள். அவர் யாருக்காகக் கத்துகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.