212-ஆம் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். போன மாதம் வரை நானும் நம்பாதவள்தான். பேய் என்றால் ராத்திரி, ஆளில்லாத பாதை, நாய் ஊளை என்று நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு மணிக்கு. வெளியே தெருவில் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டு போகும்போது.

நானும் அண்ணனும் பழைய புத்தகக் கடை நடத்துகிறோம். தரையிலிருந்து கூரை வரை புத்தகம். பின்னறையில் சணலால் கட்டிய பழைய வார இதழ்க் கட்டுகள். மொத்தம் நாற்பதாயிரம் தேறும் என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு குளிரும். மொழிபெயர்ப்பு நாவல் கையில் இருந்தால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நான் பார்த்தேயிராத பனியிலும், போயேயிராத ரயில் நிலையங்களிலும் பாதி நாள் வாழ்கிறவள். அண்ணன் எனக்கு வைத்த பெயர் கரையான்.

"விக்கலாம்னு வாங்கிப் போட்டா, இது உள்ள பூந்து தின்னுக்கிட்டு இருக்கு," என்பான் வருகிறவர்களிடம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரையானுக்கு மரியாதை. அன்று காலை ஃபோனில் நேரலை ஏலம். பழைய இதழ்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இரண்டு வரி வாசித்து, விலை கூவுவது நான்தான். கடை ஓடுவதே அதில்தான்.

"உன் தொண்டைதான் நம்ம கல்லாப்பெட்டி. ஐஸ் கீஸ் தின்னு தொலைச்சிடாத," என்பான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் வீட்டுப் புத்தகங்களை வாங்கும்போது ஒவ்வொன்றையும் உதறிப் பார்ப்போம். கடிதமோ புகைப்படமோ விழுந்தால் வீட்டாரிடம் கொடுத்துவிடுவோம். நடுப்பக்கத்தில் அடையாளம் வைத்த புத்தகமாக இருந்தால், அதை வாங்கவே மாட்டோம்.

"பாதியில நிக்கிற புத்தகம் நமக்கு வேணாம். அது இன்னும் அவங்களோடது," என்பான் அண்ணன்.

ஏன் என்று அண்ணனுக்கும் தெரியாது. கடையை எங்களுக்குக் கைமாற்றியவர் சொன்னதாம்.

அந்த வீட்டுக்கு நாங்கள் போனது ஒரு புதன்கிழமை, காலை 11:20-க்கு. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இறந்துபோயிருந்தார். வீட்டில் அவருடைய மகள் மட்டும். நாற்பது வயதிருக்கும். அந்த அக்கா பேசியது வெறும் காற்றாக வந்தது.

"எல்லாத்தையும்… எடுத்துக்கோங்க…"

அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்தேன்.

அண்ணன் கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளறைக்குப் போனேன். ஒரு சாய்வு நாற்காலி. அதற்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில், ஒரு மர நாற்காலி. பக்கத்தில் முக்காலி. அதன்மேல் அந்த நாவல்.

பனி தேசத்துத் தபால்காரன் ஒருவனின் கதை. அச்சில் இல்லாதது. நான்கு வருடமாக அதைத் தேடிக்கொண்டிருந்தேன். திறந்தேன்.

நடுவில் ஒரு காலி மாத்திரை அட்டை செருகியிருந்தது. வெள்ளி நிறம், ஒரு மூலை கிழிந்தது. பக்கம் 212.

அண்ணன் பார்த்தால் விடமாட்டான். அட்டையை உருவினேன். குப்பைக் கூடையில் போட்டேன். நாவலைப் பெட்டிக்குள் மற்ற புத்தகங்களோடு சேர்த்துவிட்டேன்.

நிமிர்ந்தால், கதவருகில் அந்த அக்கா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்னையே பார்த்தார். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் வியாழன். மதியம் 1:30-க்கு அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போவான். திரும்பி வர 3:15 ஆகும். அதுவரை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நான் பின்னறையில் இதழ்க் கட்டின்மேல் உட்கார்ந்திருப்பேன். அன்று நாவலை எடுத்தேன். 212-ஆம் பக்கத்தில் மாத்திரை அட்டை இருந்தது.

மூலை கிழிந்த, அதே அட்டை.

இரண்டு அட்டை இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் பக்கத்தைத் திறந்தது நினைவிருக்கிறது. அப்புறம் தூங்கிவிட்டேன் போல. விழித்தபோது மணி 3:04. நாக்கு வறண்டிருந்தது. அட்டை 232-ஆம் பக்கத்தில் இருந்தது.

வெள்ளி, 252. சனி, 271.

ஒவ்வொரு நாளும் அதே இரண்டு மணிக்குத் தூக்கம். அதே 3:04, 3:05-க்கு விழிப்பு. திருப்பிய பக்கங்களின் மேல்மூலை மட்டும் ஈரமாக இருக்கும், எச்சில் தொட்டுத் திருப்பியதுபோல.

ஞாயிறு ஏலத்தில் என் குரல் நடுவில் உடைந்தது.

"யார்கூட இப்படி விடிய விடியப் பேசுற? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா பத்திரிகை அடிச்சிடலாம்ல?" என்றான் அண்ணன்.

"போடா. தபால்காரனோட குதிரை செத்துப்போச்சு, அந்தக் கவலை எனக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் முதல் பக்கத்தையே தாண்டவில்லை. குதிரை செத்தது எனக்கு எப்படித் தெரியும்?

புரட்டிப் பார்த்தேன். 268-ஆம் பக்கம். குதிரை செத்திருந்தது.

அவர் படிக்கிறார் என்று முடிவு செய்தேன். நான் தூங்கும்போது, என் பக்கத்தில் உட்கார்ந்து, நாளுக்கு இருபது பக்கம். விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டுப் போய்விடுவார். மொத்தம் 438 பக்கம். கணக்குப் போட்டால் அடுத்த திங்கள் முடிந்துவிடும். பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனால் என் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாத்தியார் வேலையா? நாள் பூரா கத்துறீங்களா? கொஞ்சம் வாய மூடி வைங்கம்மா."

நான் வாயைத் திறப்பதே இல்லையே…

வெள்ளிக்கிழமை, 1:58-க்கு ஃபோனில் ஒலிப்பதிவைப் போட்டு கட்டின்மேல் வைத்தேன். 3:05-க்கு விழித்தேன். அட்டை 390-இல். அண்ணன் வரும்வரை காத்திருந்து, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஓடவிட்டேன்.

முதலில் மின்விசிறிச் சத்தம். தெருவில் ஒரு ஹாரன்.

பிறகு… சரக்.

பக்கம் திருப்பும் சத்தம்.

பிறகு ஒரு குரல் வாசிக்கத் தொடங்கியது. தெளிவாக, நிறுத்தி நிதானமாக.

என் குரல்.

"தபால்காரன் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டான். கதவுக்குப் பின்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது."

ஒரு நொடி அமைதி.

"ம்…"

ஆண் குரல். வயதான குரல். ஃபோனுக்கு மிக அருகில். கதை கேட்கிறவர் ம் கொட்டுவதுபோல.

நான் அடுத்த வரியை வாசித்தேன்.

"ம்…"

நடுவில் எனக்கு இருமல் வந்திருக்கிறது. நான்கு முறை இருமினேன். நிறுத்தினேன். மின்விசிறி மட்டும் ஓடியது.

"மேல…"

நான் மேலே வாசித்தேன்.

அண்ணன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளுப்பை நான் பார்த்ததில்லை.

"நாளைக்கு நீ என்கூட வீட்டுக்கு வா. அது இங்கயே கிடக்கட்டும்."

சனிக்கிழமை நாவலைக் கடையில் வைத்துப் பூட்டினோம். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். அண்ணி பரிமாறினார். கடிகாரத்தைப் பார்த்தேன். 1:59.

அடுத்து நான் பார்த்தபோது 3:04. தட்டில் சோறு காய்ந்திருந்தது. அண்ணி சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு வாசிக்கிற பாப்பா. கையில ஒண்ணுமில்ல. ஆனா பக்கத்தைத் திருப்புற… விரலை நாக்குல தொட்டுத் தொட்டுத் திருப்புற…"

அண்ணன் கடைக்கு ஓடினான். பூட்டு பூட்டியபடி இருந்தது. அட்டை 409-இல் இருந்தது.

ஞாயிறு காலை எனக்குக் குரலே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஏலம் நடக்கவில்லை. காத்திருந்தவர்களுக்கு அண்ணன் மன்னிப்பு எழுதிப் போட்டான். பிறகு அந்த வீட்டு எண்ணைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். கணீரென்று ஒரு பெண் குரல் எடுத்தது.

"அந்த அக்கா இருக்காங்களா? புத்தகம் எடுக்க வந்தோமே…"

"நான்தாங்க."

எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை.

"உங்க அப்பா… மதியத்துல படிப்பாருங்களா?"

"அப்பாவுக்கு ஒன்பது வருஷமா கண்ணு தெரியாதுங்க. ரெண்டுலருந்து மூணு வரைக்கும் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான்.

"உங்க தங்கச்சி அட்டையை உருவுனத நான் பாத்தேன்," என்றார் அந்த அக்கா. "சொல்லியிருக்கணும். சொல்லல. அன்னிக்குச் சாயங்காலமே எனக்குக் குரல் திரும்பிடுச்சு. மன்னிச்சிடச் சொல்லுங்க."

"சரிங்க, விடுங்க. நாளைக்குப் புத்தகம் முடிஞ்சிடும். அவர் பாதியில விட்டுட்டுப் போனது இதானே? முடிஞ்சா போயிடுவாருல்ல?"

அந்த அக்காவின் குரல் தணிந்தது.

"அவர் உயிரோட இருந்தப்ப இத நாங்க ஆரம்பிக்கவே இல்லைங்க."

அண்ணன் ஃபோனை இன்னும் அருகில் இழுத்தான்.

"அவர் போனப்புறம் நான் வாசிச்சதுல… இது பதினாலாவது."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் வீடும் காலி.

திங்கள் 3:05-க்கு நாவல் முடிந்தது. கடிதம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அட்டை எந்தப் பக்கத்திலும் இல்லை. அண்ணன் நிம்மதியில் என் முன்னால் முதன்முறையாக அழுதான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி விழித்தபோது மணி 3:05. அலமாரியின் மேல்தட்டில், நான் தொட்டேயிராத ஒரு தடித்த நாவல் சற்றே வெளியே துருத்திக்கொண்டிருந்தது. உள்ளே, 20-ஆம் பக்கத்தில், வெள்ளி நிறத்தில் ஏதோ மின்னியது.

இப்போதெல்லாம் மதியத்தில் அண்ணன் வீட்டுக்குப் போவதில்லை. எதிரே உட்கார்ந்து என் கைகளைப் பிடித்துக்கொள்கிறான். பக்கம் திருப்பும்போது என் கை அவன் பிடியை உதறிவிடுகிறதாம். "ம்" என்ற சத்தம் அவனுக்கும் கேட்கிறதாம். எனக்கு இடப்பக்கத்திலிருந்து.

நேற்று ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். கண்ணெல்லாம் கனவு, என்னைப் போலவே. அந்த நாவலை எடுத்தாள். திறந்தாள். அட்டையின் நுனியை இரண்டு விரலால் பிடித்தாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி… இரண்டு நொடி… அந்த அக்கா கதவருகில் எப்படி நின்றிருப்பார் என்று எனக்குப் புரிந்தது.

ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிடுங்கிவிட்டேன். அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

சொல்லக் குரல் இல்லாததால் இதை எழுதுகிறேன். மணி 1:56. அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் பார்வை என்மேல் இல்லை. கூரைவரை அடுக்கியிருக்கும் புத்தகங்களையே பார்க்கிறான்.

நாற்பதாயிரம்.